முகாமுக்கு முன்னும் பின்னும் உழைத்தவர்களுக்கு

அன்புடையீர்,

வணக்கம். எங்கள் ஊர் அரிமா சங்கத்தின் (லயன்ஸ் கிளப்) மாதக் கூட்டத்திற்கும், அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அரசுப் பள்ளி வளாகத்தில் நடந்த இலவசக் கண் சிகிச்சை முகாமுக்கும் என்னை அழைத்துச் சென்று, ஒளிவுமறைவின்றி எல்லாவற்றையும் காட்டிய சங்கத்தாருக்கு இம்மடல் வழியாக நன்றி கூறுகிறேன். சென்ற ஆண்டு இதே முகாம் வழியாகத்தான் என் தாயாரின் வலது கண்ணில் புரை நீக்கப்பட்டது. அதற்கு நன்றி சொல்லப் போனபோது, "ஒருமுறை வந்து பாருங்கள்" என்றார்கள். பெயர்களைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் பொறுப்புகளை மட்டுமே குறிப்பிடுகிறேன்.

சேவைச் சங்கம் என்றால் சால்வையும் குழுப் புகைப்படமும்தான் என்று நெடுநாள் எண்ணியிருந்தவன் நான். கூட்டத்தில் அவை இரண்டும் இருக்கத்தான் செய்தன. ஆனால் பொருளாளர் எனக்குக் காட்டிய கணக்குப் புத்தகங்களும் இரண்டு: உறுப்பினர் சந்தாவும் நிர்வாகச் செலவும் ஒன்றில், பொதுமக்களிடம் திரட்டிய நன்கொடை மற்றொன்றில். பின்னதிலிருந்து கூட்டத்துத் தேநீருக்குக்கூட எடுக்க முடியாது; ஊரார் தந்தது ஊராருக்கே திரும்ப வேண்டும் என்பது உலகெங்கும் அரிமா சங்கங்களுக்குள்ள விதி. தாமதமாக வந்த தலைவருக்கு டெயில் டுவிஸ்டர் என்னும், கூட்டத்தைக் கலகலப்பாக்க வேடிக்கை அபராதம் போடும் பொறுப்பாளர் அபராதம் விதித்ததையும், அவர் சிரித்துக்கொண்டே கட்டியதையும் கண்டு நானும் சிரித்துவிட்டேன்.

1925இல் அமெரிக்காவின் சீடர் பாயிண்டில் நடந்த அரிமா மாநாட்டில், பார்வையற்றோருக்குத் துணைநிற்குமாறு, பார்வையும் செவித்திறனும் இழந்த எழுத்தாளர் ஹெலன் கெல்லர் விடுத்த வேண்டுகோளிலிருந்தே கண் பணி தங்கள் அடையாளமாயிற்று என்று செயலாளர் விளக்கினார். எங்கள் பக்கத்தில் அது வேரூன்றியதற்கு மதுரையும் ஒரு காரணம். அங்கு 1976இல் டாக்டர் கோவிந்தப்பா வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை வளர்த்தெடுத்த முகாம் முறையில், பரிசோதனையும் அறுவை சிகிச்சையும் மருத்துவமனையின் பொறுப்பு. இடம் பிடிப்பதும், துண்டறிக்கை அச்சிடுவதும், ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஊர் ஊராக அறிவிப்பதும், ஆட்களைத் திரட்டுவதும் உள்ளூர்ச் சங்கத்தின் பொறுப்பு.

முகாமன்று காலை பதிவு மேசையில் தொடங்கி, பார்வை அளவு, கண் நீர் அழுத்தம், இரத்த அழுத்தம், சர்க்கரை எனப் பெரியவர்கள் வகுப்பறை வகுப்பறையாக நகர்ந்துகொண்டிருந்தார்கள். கண்ணாடி மட்டும் போதுமானவர்களின் வேலை எளிதில் முடிந்தது. அறுவை சிகிச்சைக்குத் தேர்வானவர்களை அன்றே பேருந்தில் ஏற்றுவதுதான் கடினம். ஒரு மூதாட்டி, "இரண்டு நாள் ஆட்டை யார் பார்ப்பது?" என்று கேட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். முகாம் பொறுப்பாளர் அவரிடம் கண்ணைப் பற்றி எதுவும் பேசவில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணைக் கேட்டு வாங்கி, அங்கேயே தொலைபேசியில் பேசி, ஆடுகளுக்கு ஆள் ஏற்பாடு செய்தார். அதன் பிறகே மூதாட்டி எழுந்தார். மருத்துவர்களால் செய்ய முடியாத இந்த வேலைக்காகவே முதன்மையாக நன்றி சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. சென்ற ஆண்டு என் தாயார் ஒரு மாதம் கழித்து வர வேண்டிய மறுபரிசோதனையை மறந்தபோது, வீடு தேடி வந்து நினைவூட்டியவரும் இவர்தான் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

கண்தானப் பதிவேட்டைக் காட்டிய சகோதரிக்கும் என் நன்றி. இறந்தவரின் கண்களை ஆறு மணி நேரத்திற்குள் எடுத்தாக வேண்டும் என்பதால், இமைகளை மூடி ஈரப்பஞ்சு வைப்பதையும், மின்விசிறியை நிறுத்துவதையும், தலையைச் சற்று உயர்த்தி வைப்பதையும் அவர் பொறுமையாகச் சொல்லித்தந்தார். துக்க வீட்டில் இதைப் பேசுவதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்! சமையற்கட்டில் விடியற்காலை முதல் நின்று, வந்தவர் அனைவருக்கும் சோறிட்டவர்களையும் மறக்கவில்லை.

அடுத்த முகாமுக்கு எங்கள் தெருவில் பார்வை மங்கியவர்களின் பட்டியலை நானே எடுத்துத் தருவதாகச் செயலாளரிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். முதல் பெயர் என் தாயாருடையது. இடது கண் இன்னும் பாக்கி இருக்கிறது.

நன்றியுடன்,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர்