வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

அவையோருக்கு வணக்கம்.

நம்மில் ஒருவர் எழுதிவரும் நாவலை அத்தியாயம் அத்தியாயமாக வாசித்துத் திருத்தித் தருவது என்று போன பொதுக்குழுவில் முடிவெடுத்தோம். ஒரே குடும்பத்தில் மூன்று தலைமுறைக் கல்யாணங்கள்தான் கதை. தென்னாப்பிரிக்காவில் நம் ஆட்கள் வாழ்ந்த டோங்காட் கரும்புத் தோட்டத்தில் ஆயா, டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வொர்த்தில் அம்மா, ஜோகன்னஸ்பர்க்கில் வேலை பார்க்கும் மகன். மாதம் ஒன்றாகப் பதினொரு அத்தியாயம் முடிந்திருக்கிறது. தமிழ் காதுக்குப் பழகியும் எழுத்துப் பிடிபடாதவர்கள் நம்மில் பலர் என்பதால் எல்லாவற்றையும் உரக்கவே வாசித்தோம். அதுவும் நல்லதாயிற்று. காதில் இடறிய பேச்செல்லாம் அங்கேயே திருந்தியது.

வரவு செலவைப் பொருளாளர் படிப்பார்.

மூன்றாம் அத்தியாயத்துக்கு மட்டும் இரண்டு கூட்டம் ஆனது. 1913 மார்ச்சில் கேப் நீதிமன்ற நீதிபதி சியர்ல் சொன்ன தீர்ப்பு அதில் இரண்டே வரியில் வந்திருந்தது. கிறிஸ்தவ முறையில் நடக்காத கல்யாணம் சட்டத்தின் கண்ணில் கல்யாணமே இல்லை என்று ஆக்கிய தீர்ப்பு அது. தாலி கட்டிப் பிள்ளை பெற்றவளை ‘மனைவி இல்லை’ என்றால் அவளுக்கு எப்படி இருந்திருக்கும்? அந்த ஆண்டு பெண்கள் சத்தியாக்கிரகத்தில் இறங்கிச் சிறை போனதற்கு இதுவும் காரணம். சிறையில் நோயுற்ற தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரியில் இறந்தபோது வயது 16. ஆயாவின் வாயாலேயே இதைச் சொல்ல வேண்டும் என்று கேட்டோம். இப்போது அது முழு அத்தியாயம்.

ஒரு பிழையையும் திருத்தினோம். 1970களில் தமிழ்ப் பையன் சூலுப் பெண்ணைக் கட்டச் சட்டம் தடை என்று எழுதியிருந்தார். 1949 கலப்பு மணத் தடைச் சட்டம் வெள்ளையருக்கும் மற்றவருக்கும் இடையிலான மணத்தைத்தான் தடுத்தது, 1985இல் நீங்கியது. நம் பையனுக்குத் தடையாக நின்றது, இனத்துக்கு ஒரு பகுதி என்று பிரித்த குடியிருப்புப் பகுதிச் சட்டம். கட்டிக்கொண்டாலும் இருவரும் எந்தத் தெருவில் குடியிருப்பது? வீட்டாரின் வாயும் சேர்ந்துகொண்டது.

சூலுப் பெண்ணைக் கட்ட மகன் லோபோலா கொடுக்கும் அத்தியாயத்தை ஜூலையில் வாசித்தோம். பெண் வீட்டுக்கு மாட்டுக் கணக்கில் பணம் கொடுப்பதா என்று அம்மா முகம் சுளிக்கும் இடம். அப்போதுதான் நம் மூத்த உறுப்பினர், “எங்க ஆயாவுக்கும் பரிசம் போட்டுத்தான் கட்டினாங்க. ஆயாவோட அம்மாவுக்குத் தனியா முலைப்பால் கூலி வேற” என்றார். பக்கத்தில் இருந்தவர் நிமிர்ந்து, சூலு வழக்கிலும் பெண்ணின் தாய்க்கென்று தனியாக ஒரு மாடு உண்டு என்றார். கூடத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

இந்த நாவலின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். ஆயா காலம் கெடுபிடி, பேரன் காலம் சுதந்திரம் என்று நேர்கோடாக எழுதினால் பொய்யாகிவிடும். ஒப்பந்தக் கூலிக் கப்பலில் நூறு ஆணுக்கு நாற்பது பெண் என்பதே விதி. தோட்டத்தில் பெண்ணுக்குப் பெறுமானம் இருந்தது. புருஷனை இழந்தவள் மறுதாலி கட்டிக்கொண்டதும் உண்டு. சாதி, ஜாதகம், சீர் என்று கயிறு இறுகியது அம்மா காலத்தில். பேரன் புதிதாக எதையும் உடைக்கவில்லை, ஆயாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறான்.

அந்த மூத்த உறுப்பினர் அக்டோபரில் காலமானார். கடைசிக் கூட்டத்துக்கும் டிபன் டப்பாவில் முறுக்குக் கொண்டுவந்தார். அவர் சொன்ன சொல்லை எழுத்தாளர் மாற்றாமல் நாவலில் வைத்திருக்கிறார். அவர் குடும்பத்தாருக்கு வட்டத்தின் இரங்கல்.

பன்னிரண்டாம் அத்தியாயத்தில் மகனின் கல்யாணம் நடக்கிறது. கோயிலில் தாலி கட்டினால் மட்டும் பதிவாகாது. கல்யாணம் நடத்துபவருக்கு அரசு அங்கீகாரம் வேண்டும். அந்தக் காட்சியைச் சரியாக எழுத, வீட்டில் பழைய பதிவுத் தாளோ கல்யாணப் பத்திரிகையோ இருப்பவர்கள் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவர வேண்டுகிறேன். நகல் எடுத்து அன்றைக்கே திருப்பித் தந்துவிடுவோம்.

செயலாளர்