கிரய ஒப்பந்தம் எழுத இரண்டு நாள் ஏன் கேட்கிறோம்?

வணக்கம்.

நம் பத்திர எழுத்து அலுவலகத்துக்கு வந்து போகும் தரகர் நண்பர்களுக்கும், மனைப்பிரிவு போடும் நண்பர்களுக்கும் இந்த மடல். "பார்ட்டி காரில் உட்கார்ந்திருக்கிறார், ராகு காலத்துக்கு முன்னால் ஒரு ஒப்பந்தம் அடித்துக் கொடுங்கள்" என்று வருபவர்களிடம் இப்போதெல்லாம் இரண்டு நாள் கேட்கிறோம். அதில் உங்களுக்கு வருத்தம் இருப்பது தெரியும், ஒருவர் கோபித்துக்கொண்டு எதிர்க்கடைக்கே போய்விட்டார். காரணத்தைச் சொல்லிவிடுகிறோம். தப்பு எங்களுடையதுதான்.

கும்பகோணத்துக்கு வெளியே சாலையோரம் ஒரு நஞ்சை. தாய்ப்பத்திரத்தில், அதாவது பழைய மூலப் பத்திரத்தில், ஒன்றரை மா என்று இருந்தது, விற்பவரும் அதையே சொன்னார், நாங்களும் அதையே ஒப்பந்தத்தில் எழுதினோம், அட்வான்ஸ் கைமாறியது. பட்டாவில் 0-17.50, அதாவது 0 ஹெக்டேர் 17.50 ஏர், என்று இருந்ததை யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. பத்திரம் எழுதிய காலத்துக்குப் பிறகு சாலையை அகலப்படுத்த முன்பக்கம் ஒரு பட்டை போயிருக்கிறது, விற்பவரின் அப்பா இழப்பீடும் வாங்கியிருக்கிறார், மகனுக்கு அது ஞாபகமில்லை. சர்வேயர் வந்து அளந்த அன்றைக்குத்தான் விஷயம் வெளியே வந்தது. ஒன்றரை மா என்றால் 21,600 சதுர அடி. 17.50 ஏர் என்றால் சுமார் 18,837. துண்டு விழுந்தது 2,763 சதுர அடி, அதுவும் சாலை முகப்பில். வாங்க வந்தவர் தரகர் சட்டையைப் பிடித்தார், தரகர் எங்கள் சட்டையைப் பிடித்தார்.

ஆகவே முதலில் அளவு. நம் பக்கத்தில் வாயில் வருவது மாவும் குழியும், பத்திரத்தில் ஏக்கரும் சென்டும், பட்டாவில் ஹெக்டேரும் ஏரும், விளம்பரத்தில் சதுர அடி. ஒரே வயலுக்கு நான்கு பாஷை. ஒரு குழி 144 சதுர அடி, நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. இது டெல்டா கணக்கு, குழி ஊருக்கு ஊர் மாறும், வெளி மாவட்டத்துக்காரரிடம் பேசும்போது முதலில் அவர் ஊர்க் குழி எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள். சென்ட் 435.6 சதுர அடி, நூறு சென்ட் ஒரு ஏக்கர், அதாவது 43,560. ஒரு ஏர் நூறு சதுர மீட்டர், சுமார் 2.47 சென்ட். பட்டாவில் 0-40.50 என்று பார்த்தால் ஏறக்குறைய ஒரு ஏக்கர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். "மூணு மா ஒரு ஏக்கர்" என்று நாம் எல்லோரும் சொல்கிறோமே, அதில் 360 சதுர அடி குறையும். வயலாக விற்கும்போது யாரும் கவலைப்பட மாட்டார்கள், சதுர அடி கணக்கில் விலை பேசும்போது அந்த 360 அடிக்கு யார் காசு கொடுப்பது?

அப்புறம் பட்டா. பட்டா கையில் இருந்தால் எல்லாம் சரி என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பட்டா வருவாய்த் துறைக் கணக்கு, உரிமை பத்திரத்தின் வழியாக வருகிறது. இரண்டும் ஒரே பெயரைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் போவதற்குப் பெரிய காரணம் 1979 முதல் 1987 வரை நடந்த யூடிஆர் என்கிற நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம். ஊர் ஊராகக் கணக்கைத் திருத்தி எழுதியபோது அண்ணன் பெயரில் இருந்தது தம்பி பெயருக்குப் போனது, கூட்டுப் பட்டா தனிப் பட்டாவானது, இப்படி நிறைய. சரிசெய்ய வழி உண்டு, மனு கோட்டாட்சியர், மாவட்ட வருவாய் அலுவலர் என்று மேலே போகும், நாள் பிடிக்கும். அதை அட்வான்ஸ் கொடுத்த பிறகு ஆரம்பித்தால் ஒப்பந்தக் கெடு முடிந்துவிடும்.

பட்டாவோடு எஃப்எம்பி, அதாவது புலப்படமும் எடுத்து வாருங்கள். அதில் நிலத்தின் வடிவம் தெரியும், பட்டாவில் தெரியாது. பத்து அடி அகலத்தில் வால் மாதிரி நீளும் நிலத்துக்கும் சதுரமான நிலத்துக்கும் பட்டாவில் பரப்பு ஒன்றாகவே இருக்கும். படத்தில் உள்ள எண்களைப் படிக்கும்போது கவனம். இப்போதைய படங்களில் மீட்டர், பழைய படங்களில் சங்கிலிக் கணக்கு. ஒரு சங்கிலி 66 அடி, அதில் நூறு லிங்க்ஸ். பழைய படத்தில் 300 என்று இருந்தால் அது 198 அடிதான். அதை 300 அடி என்று சொல்லி வாங்குபவரைக் கூட்டிப்போன ஆளும் நம்மில் உண்டு, பெயர் வேண்டாம்.

வில்லங்கச் சான்று, அதாவது நிலத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டும் ஈசி, பற்றித்தான் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் "ஈசி சுத்தமாக இருக்கிறது" என்ற வார்த்தையை நம்பி நடக்கும் வியாபாரம் அதிகம். ஈசி நீங்கள் கேட்ட புல எண்ணுக்குத்தான் பதில் சொல்லும். இன்றைக்கு 112/4பி2 என்று இருக்கிற நிலம் உட்பிரிவுக்கு முன்னால் 112/4 ஆக இருந்திருக்கும், அதற்கும் முன்னால் வேறு எண்ணே இருந்திருக்கும். புது எண்ணுக்கு மட்டும் போட்டால் பழைய எண்ணில் பதிவான அடமானம் எப்படி வரும்? எல்லா எண்ணுக்கும் தனித்தனியாகப் போடுங்கள். இணையத்தில் பொதுவாக 1975 வரை பின்னால் போகலாம், அதற்கு முந்தையதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுத்துத் தேடச் சொல்ல வேண்டும். இவ்வளவும் செய்தாலும் பதிவாகாத உயில், பதிவு செய்யாமல் பத்திரத்தை வைத்து வாங்கிய கைமாற்றுக் கடன் போன்றவை அதில் தெரியாது. அதனால்தான் தாய்ப்பத்திரத்தின் அசலைக் கண்ணால் பார்க்காமல் எழுத மாட்டோம் என்கிறோம், ஜெராக்ஸ் போதாது.

நம் டெல்டாவுக்கென்றே ஒரு சிக்கல் குத்தகை. சாகுபடி செய்யும் குத்தகைதாரருக்கு 1955-ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்புக் கொடுக்கிறது, அவர்கள் பெயரைப் பதிய 1969-இல் தனிச் சட்டமே வந்தது. நிலம் கைமாறினாலும் அவர் உரிமை போகாது. இது ஈசியில் வராது. குத்தகைப் பதிவேட்டைப் பாருங்கள், முடிந்தால் வயலுக்குப் போய் நடவு யார் நடுகிறார்கள் என்று பக்கத்து வயல்காரரிடம் கேளுங்கள், ஒரு டீ செலவுதான். கோயில், மடத்து நிலமா என்பதற்கு அ-பதிவேடு, அதாவது ஊரின் நிலக் கணக்குப் பதிவேடு, பாருங்கள். அங்கே கோயில் பெயர் இருந்தால், உரிய அனுமதி இல்லாமல் பதிவே ஆகாது. இடையில் வாய்க்கால் ஓடினால், தாண்டிப் போகப் பாதை இருக்கிறதா, சிறுபாலம் போட அனுமதி வாங்க வேண்டுமா என்பதையும் வாங்குபவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், தண்ணீர் வராத சித்திரையில் காட்டிவிட்டு ஆடியில் முழிக்க வேண்டாம்.

வாரிசு விஷயம். அண்ணன் தம்பி மூன்று பேர் கையெழுத்துப் போட வந்தால் எங்கள் முதல் கேள்வி, "அக்கா தங்கை உண்டா?" இந்துக் குடும்பத்தில் அப்பா சொந்தமாகச் சம்பாதித்த சொத்தை உயில் எழுதாமல் இறந்துபோனால் 1956 முதலே மகளுக்கும் சம பங்கு. கல்யாணத்துக்கு நகை போட்டாயிற்று என்பது சட்டத்துக்குத் தெரியாது. பவர், அதாவது உரிமையாளர் சார்பில் விற்க அதிகாரம் கொடுக்கும் பத்திரம், வைத்து விற்பவர் வந்தால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்பதையும் கேட்போம். பொதுவாக அவர் இறந்த நிமிடமே பவரும் போய்விடும்.

மனைப்பிரிவுக்காரர்களுக்கு நிறையச் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும். 2016 அக்டோபர் 20-க்குப் பிறகு பிரித்த, அனுமதி இல்லாத மனைக்கு எங்களிடம் வழி இல்லை, கேட்காதீர்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட திட்டமென்றால் ரெரா, அதாவது மனை விற்பனை ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு வேண்டும், அதில் விற்றுக் கொடுக்கும் தரகரும் ரெராவில் பதிந்திருக்க வேண்டும். பல தரகர் நண்பர்கள் இந்த இரண்டாவது பாதியை மறந்துவிடுகிறார்கள்.

இனி வரும்போது தாய்ப்பத்திர அசல், பட்டா, எஃப்எம்பி, அ-பதிவேடு நகல், பழைய எண்ணுக்கும் சேர்த்து ஈசி, இவற்றை முதல் நாளே கொடுத்துவிட்டுப் போங்கள். இரண்டாம் நாள் சாயங்காலம் ஒப்பந்தம் தயாராக இருக்கும். ஏதாவது இடித்தால் அன்றிரவே போன் செய்வோம். பார்த்துச் சொல்வதற்குத் தனிக் கட்டணம் இல்லை, எழுத்துக் கூலி பழையதேதான். புலப்படம் படிக்கத் தெரியாத இளவட்டங்கள் சனிக்கிழமை நாலு மணிக்கு மேல் வந்தால் நாங்களே உட்கார வைத்துச் சொல்லித் தருகிறோம், ஸ்கேலும் கால்குலேட்டரும் கொண்டு வாருங்கள், எங்களுடையதை ஏற்கெனவே இரண்டு தடவை யாரோ எடுத்துப் போய்விட்டீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் பத்திர எழுத்து அலுவலகம்,
கும்பகோணம்