நம் பூனைக்கு நம் செடி

அன்புள்ள மீனா,

மாமாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று எழுதியிருந்தாய், படித்ததும்தான் நிம்மதி. இங்கே எல்லாரும் நலம். ஜூன் 14-ஓடு தடைக்காலம் முடிந்து காசிமேட்டு விசைப்படகுகள் கடலுக்குப் போக ஆரம்பித்துவிட்டன.

சரி, நான் தெருப் பிள்ளைகளுக்குச் சொல்லிவருகிற, நீ கேட்ட காட்டுப்பூனைக் கதைக்கு வருகிறேன். எண்ணூர் கழிமுகத்தை ஒட்டிய சீமைக்கருவேலங்காட்டில் ஒரு பூனைக் கூட்டம், அதற்கு வைத்தியம் பார்க்கிற கருவாச்சி என்கிற கிழப்பூனை. இவ்வளவும் தெருப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். அவர்கள் படிக்கிற இங்கிலீஷ் கதையில் பூனைக்கு இருமல் வந்தால் கேட்மின்ட் என்கிற சீமைச் செடி, அதையே வைத்துக்கொள்ளேன் என்கிறாய். வேண்டாம் மீனா. தண்டவாளத்து ஓரத்தில் தானாக முளைக்கிறதுதான் கருவாச்சிக்கு மருந்து. குப்பைமேனி இருக்கிறதே, பூனைவணங்கி என்பார்களே, அதை வேரோடு பிடுங்கி எங்கள் சந்தில் போட்டேன். காது கிழிந்த கடுவன் ஒன்று வந்து இலையைச் சீண்டாமல் நேராக வேரை மோந்து, கன்னத்தை அதில் தேய்த்து, அப்புறம் மண்ணில் புரண்டு எச்சில் ஒழுக அதைக் கடித்துக்கொண்டே கிடந்தது. இதை விட்டுவிட்டு கேட்மின்ட் எதற்கு?

காயத்துக்கு வெட்டுக்காயப்பூண்டு. அதுவும் வெளியிலிருந்து, அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த செடிதான், ஆனால் நம் ஆயா இலையைக் கசக்கி முட்டியில் சாறு பிழிந்தது உனக்கும் எரிந்திருக்குமே. ரத்தம் நிற்க ஒட்டடை. வயிற்றில் முடி உருண்டால் அருகம்புல், அதைத் தின்று வாந்தி எடுக்காத பூனை உண்டா?

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கறாராக இருக்கிறேன். பூனை மேல் எதைத் தடவினாலும் நக்கிவிடும், அதனால் பூசுகிற மருந்தும் வயிற்றுக்குள் போகிற மருந்துதான். ஒரு பையன், குட்டிக்குப் பூச்சி போகக் கருவாச்சி பூண்டு கொடுக்கட்டும் என்றான், அவன் வீட்டில் அப்படித்தானாம். முடியவே முடியாது என்றேன். பூண்டும் வெங்காயமும் பூனையின் ரத்தத்தில் சிவப்பணுக்களை உடைத்துவிடும், நாம் காய்ச்சலுக்குப் போடுகிற பாராசிட்டமால் ஒரே மாத்திரையில் உயிரையே எடுத்துவிடும், அதன் ஈரலுக்கு அதை முறிக்கத் தெரியாது. இன்றைக்குக் கதை கேட்கிறவன் நாளைக்கு வாசலில் கத்துகிற குட்டிக்கு அதைச் செய்து பார்ப்பான் இல்லையா? அதனால் கருவாச்சி அந்தப் பூண்டுப் பல்லை மோந்து பார்த்து, பின்னங்காலால் அல்ல, முன்னங்காலால் மண்ணை இழுத்து இழுத்து மூடிவிட்டுப் போகிறாள். நிஜக் குட்டி என்றால் வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குத்தான் தூக்கிப் போக வேண்டும் என்று பிள்ளைகளிடம் தனியாகவும் சொல்லிவிட்டேன்.

இருமலுக்கு என்ன வைப்பது என்றுதான் இன்னும் முடிவாகவில்லை. ஆடாதோடை பூனைக்கு ஆகுமா, ஆகாதா என்று கால்நடை மருத்துவம் படிக்கிற உன் தங்கையைக் கேட்டு எழுது. ஞாயிற்றுக்கிழமைக்குள் தெரிந்தால் நல்லது, அன்றைக்குக் குட்டிக்கு இருமல் வருகிறது.

அன்புடன்,
சாந்தி