வான் எங்க நிக்குதோ அங்கதான் சாப்பாடு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை உங்கட பேப்பரோட வந்த இணைப்புல, லீவுக்குப் போற இடத்துலயும் சத்தா சாப்பிடுறது எப்பிடி எண்டு ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. நான் ரெண்டு தரம் வாசிச்சன், பிறகு எங்கட இவருக்கும் வாசிச்சுக் காட்டினன், அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், கேட்டாரா நித்திரையா எண்டு தெரியல்ல. கட்டுரையில பிழை பிடிக்க வரல்ல. பாதாம் பருப்பு கையில வெச்சிருங்க, சலட் ஓடர் பண்ணுங்க, ஹோட்டல்ல நீச்சல் தடாகம் இருந்தா நீந்துங்க எண்டெல்லாம் இருந்திச்சு, நல்லதுதான். ஆனா பதிமூணு பேர் ஒரு வானுக்குள்ள ஏறி, காலுக்குக் கீழ தண்ணிக் கேனும் பாயும், மடியில புள்ளையுமாப் போற ஆக்களுக்கு அதுல ஒரு வரியும் இல்ல. களுவாஞ்சிகுடியில இருந்து நாங்க ட்ரிப் போறதெண்டா அப்பிடித்தான் போறது.

எனக்கு சீனி வருத்தம் பதினொரு வருசமா இருக்கு. அதுக்கு மெட்போமின், கிளிக்ளசைட் எண்டு ரெண்டு குளிசை குடிக்கிறன். வீட்டுல இருக்கக்குள்ள ஒரு பிரச்சினையும் இல்ல, காலையில சிவத்த அரிசிப் பிட்டும் மீன் சொதியும், மத்தியானம் சோறு, ஒரு கீரைச் சுண்டல், சூடையோ கீரியோ ஒரு மீன், எல்லாம் நேரத்துக்கு. கிளினிக்ல மிஸ்ஸி கூட கொப்பியைப் பாத்துட்டு 'டீச்சர் நல்லா கொன்ட்ரோல்ல வெச்சிருக்கீங்க' எண்டு சொல்லுவா. அந்தப் பேரெல்லாம் ஆகஸ்ட் மாசம் நாலு நாள்ல போச்சு.

சுவிஸ்ல இருந்து தம்பி குடும்பம் வந்திருந்தாங்க, நுவரெலியா பாக்கணும் எண்டு புள்ளைகள் ஒரே பிடியா நிண்டாங்க. விடிய அஞ்சரைக்கு வெளிக்கிட்டம். செங்கலடியில மச்சாள் வீட்டாக்களையும் ஏத்திக்கொண்டு அப்பிடியே பதுளை ரோட்டால போறதெண்டு பிளான். வெளிக்கிடுற அவசரத்துல ரெண்டு கிரீம் கிரேக்கரும் பிளேன்டீயும் குடிச்சு, வழமையா பசியாறக்குள்ள போடுற குளிசையையும் போட்டுட்டன், எப்பிடியும் ஏழு மணிக்கு எங்கயாவது சாப்பிடத்தானே போறம் எண்ட எண்ணம். மகா ஓயாவுல வெந்நீர் ஊத்தைப் பாக்கணும் எண்டாங்க, பாத்தா காணாது, குளிக்கணும் எண்டாங்க, குளிச்சா ஈர உடுப்பு மாத்தணும். ஏழு எட்டாகி எட்டு ஒம்பதரையாச்சு. ரோல்ஸும் பட்டிஸும் ஒரு பேக்குல இருந்திச்சு, அதை சின்னாக்கள் குளிச்சு முடியக்குள்ளேயே முடிச்சிட்டாங்க, 'மாமி உங்களுக்கு எண்ணெய்ச் சாப்பாடு கூடாதுதானே' எண்டு எனக்கு நல்ல புத்தி வேற.

பிபிலைக்குக் கிட்டப் போகக்குள்ள எனக்கு வேர்க்கத் தொடங்கிச்சு. ஏசி வானுக்குள்ள வேர்க்குது, கை நடுங்குது, பெறாமகள் கேக்குற கேள்விக்கு வாயில பதில் வருதில்ல. அவளுக்குத்தான் விளங்கிச்சு, பக்கத்துல இருந்த சோடாப் போத்தலைத் தூக்கி என்ட வாயில வெச்சிட்டாள். அரைக் கிளாஸுக்குக் கொஞ்சம் மேல குடிச்சிருப்பன், கால் மணித்தியாலத்துல ஆள் சரி. பிறகு கிளினிக்ல கேட்டப்பதான் விளக்கமாச் சொன்னாங்க, கிளிக்ளசைட் மாதிரிக் குளிசை போட்டுட்டு சாப்பாடு பிந்தினா ரத்தத்துல சீனி இறங்கிரும், அந்த நேரம் ஒரு 15 கிராம் சீனி, அதாவது மூணு நாலு தேக்கரண்டி, உடனே உள்ள போகணும், 15 நிமிசம் பொறுத்துத் திரும்ப செக் பண்ணணும், பிறகு ஒழுங்கா சாப்பிடணும். ட்ரிப்புல நாங்க எல்லாரும் பயப்புடுறது கூடச் சாப்பிட்டு சீனி ஏறுறதுக்கு. சாப்பிடாம இறங்குறதை ஒருத்தரும் நினைக்கிறதில்ல, உங்கட கட்டுரையும் நினைக்கல்ல.

அந்த சோடாவைப் பத்தியும் ஒண்டு சொல்லணும். போத்தல்ல கலர் வட்டம் ஒண்டு ஒட்டியிருக்கும், 2016ல இருந்து நம்மட நாட்டுல இருக்கு. 100 மில்லிலீட்டர்ல 11 கிராமுக்கு மேல சீனி இருந்தா சிவப்பு, 2ல இருந்து 11 வரைக்கும் செம்மஞ்சள், அதுக்கும் குறைய எண்டா பச்சை. எங்கட ஆக்கள் சிவப்பு இல்லாட்டிப் பிரச்சினை இல்ல எண்டு நினைக்கிறாங்க. 100 மில்லிக்கு 9 கிராம் எண்டு போட்டிருக்கிற செம்மஞ்சள் போத்தல் 400 மில்லியை ஒருத்தர் தனியக் குடிச்சா 36 கிராம், ஒம்பது தேக்கரண்டி சீனி. உலக சுகாதார நிறுவனம் வளர்ந்த ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 கிராமுக்குள்ள நிப்பாட்டச் சொல்லுது, 25க்குள்ள எண்டா இன்னும் நல்லமாம். என்ட மருமகன் பதுளை போறதுக்குள்ள ரெண்டு போத்தல். கணக்கை நான் வாய் விட்டுச் சொல்லல்ல, ட்ரிப்புல டீச்சர் வேலை பாக்கக் கூடாது எண்டு வெளிக்கிட முதலே சத்தியம் வாங்கியிருந்தாங்க.

மத்தியானச் சாப்பாடு ரெண்டே முக்காலுக்கு. இடையில எத்தினை கடை வந்திச்சு, நான் ஒவ்வொண்டையும் காட்டினன், டிரைவர் தம்பி 'அங்க சரியில்ல அம்மா, இன்னும் கொஞ்சம் போனா நல்ல கடை இருக்கு' எண்டுட்டு ஓடிக்கொண்டே இருந்தார். நல்ல கடைதான், வாசல்ல ஏழெட்டு வான் நிக்குது. டிரைவர் ஆக்களுக்கு உள்ளுக்க தனி மேசை, தனிச் சாப்பாடு, காசில்ல. ஆள் கொண்டு வந்தா சாப்பாடு சும்மா, இதுதான் ஒழுங்கு. நான் அவரைக் குறை சொல்லல்ல, விடிய மூணு மணிக்கு எழும்பின மனுசன், ஒரு நேரச் சோறு மிச்சம் பிடிக்கிறதுல என்ன பிழை. ஆனா பதிமூணு பேர் எத்தினை மணிக்கு என்ன சாப்பிடுறதெண்டு முடிவெடுக்கிறது அந்த மேசைதான் எண்டு எனக்கு அண்டைக்குத்தான் விளங்கிச்சு.

மெனுவில பிரைட் ரைஸ், கொத்து, டெவல் சிக்கன், நூடில்ஸ், இவ்வளவுதான். சோறு கறி இல்லையா எண்டு எனக்குத் தெரிஞ்ச அரைச் சிங்களத்துல கேட்டன். மேசை துடைச்ச பொடியன் உள்ளுக்கப் போய் வந்து, ஸ்டாஃபுக்கு ஆக்கினது கொஞ்சம் இருக்கு அம்மா, அது உங்களுக்குச் சரிவராது எண்டான். கொண்டா மனே எண்டன். சிவத்தரிசிச் சோறு, பருப்பு, வல்லாரைச் சம்பல், போஞ்சிக் கறி, ஒரு துண்டு கருவாடு. ஆசிரியர் ஐயா, அந்த நாலு நாள்ல நான் சாப்பிட்ட ஒரே ஒழுங்கான சாப்பாடு அதுதான், கருவாட்டுல உப்பு கொஞ்சம் கூட, அதைப் பாதிதான் சாப்பிட்டன். பிரைட் ரைஸுல பாதி விலை கூட எடுக்கல்ல. என்ட தட்டைப் பாத்துட்டு சுவிஸ் மச்சாளும் அதையே கேட்டா, முடிஞ்சுதாம்.

நுவரெலியா ஹோட்டல் கதையை நீட்டல்ல. காலையில பஃபே, காசு கட்டியாச்சு எண்ட ஒரே காரணத்துக்காக இவர் மூணு தரம் எழும்பிப் போனார், சொசேஜ் வீட்டுல கண்ணாலயும் பாக்காத மனுசன். மூலையில இடியப்பமும் பருப்பும் இருந்திச்சு, அங்க ரெண்டு வெள்ளைக்காரர் மட்டும் நிண்டாங்க. சலட் இருந்திச்சு, நான் தொடல்ல, எந்தத் தண்ணியில கழுவினதோ, ஊர் விட்டு ஊர் வந்து வயித்தோட்டத்துல படுக்கேலாது. வரக்குள்ள வெலிமடைப் பக்கம் கரட் வாங்கினம், பிபிலையில தோடம்பழம் வாங்கினம், அது மட்டும்தான் உருப்படி. தோடம்பழத்தைச் சுளையாச் சாப்பிடாம ஜூஸ் அடிச்சு சீனி போட்டுக் குடிப்பம் எண்டு வானுக்குள்ள ஒரு பிரேரணை வந்திச்சு, நான் பழப் பையை மடியில வெச்சிக்கொண்டன். செங்கலடியில இறங்கினா மச்சாள் வீட்டுல வட்டிலப்பமும் எருமைத் தயிரும் பாணியும். 'ஒரு நாளைக்குத்தானேகா' எண்டா. நாலு நாளாக் கேக்குற வசனம். வட்டிலப்பத்துல ரெண்டு கரண்டி சாப்பிட்டன், பொய் சொல்லேலாது, நல்லா இருந்திச்சு. அடுத்த நாள் விடிய வெறுவயித்துல சீனி பாத்தா 214, நல்லா ஏறியிருக்கு.

கட்டுரை எழுதினவங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தரம் எழுதினா என்ன சாப்பிடுறதெண்டு மட்டும் எழுதாம எத்தினை மணிக்கு எண்டும் எழுதுங்க, குளிசை போடுற ஆக்கள், இன்சுலின் போடுற ஆக்கள் பயணத்துல என்ன செய்யணும் எண்டு ஒரு டொக்டரைக் கேட்டுப் போடுங்க. சீனி வருத்தக்காரர் இல்லாத வான் இப்ப எங்க ஓடுது?

டிசம்பர்ல திரும்பவும் போறம், இந்த முறை கண்டி. காலைச் சாப்பாடு வீட்டுல இருந்து, வாழையிலையில பிட்டும் கட்டச் சம்பலும். தேங்காய்ப்பூ போட்ட பிட்டு வெயிலுக்குள்ள மத்தியானம் வரைக்கும் தாங்காது, அதால எங்க நிண்டாலும் எட்டு மணிக்குப் பார்சல் பிரிக்கிறதெண்டு எல்லாருக்கும் சொல்லியாச்சு. குளிசை அப்பதான், வீட்டுல இல்ல. டிரைவர் தம்பியோட நானே கதைச்சன், பன்னிரண்டரைக்கு எந்தக் கடை வருதோ அங்க நிப்பாட்டணும், சோறு கறி இருக்கிற கடையா இருக்கணும், உங்கட சாப்பாட்டுக் காசு நாங்க தாறம் எண்டு. அவர் சிரிச்சிட்டு, 'பிளேன்டீயும் சேத்தா அம்மா?' எண்டு கேட்டார். சேத்துத்தான் எண்டன்.

இப்படிக்கு,
களுவாஞ்சிகுடியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்