செயலாளரின் ஆண்டறிக்கை: இந்த ஆண்டு சோலைவரிக்கே

தலைவர் அவர்களே, அங்கத்தவர்களே,

தெருவிளக்கு, குப்பை வண்டி, வெள்ளவாய்க்கால் மூன்றும் வழமைபோல் கடிதப் போக்குவரத்திலேயே கழிந்தன. விவரம் கூட்டக் குறிப்பேட்டில் உண்டு. செயற்குழுவின் நேரத்தைத் தின்றது சோலைவரிதான், அதாவது வீடு, கட்டடங்களுக்கு மாநகர சபை அறவிடும் வரி. அறிக்கையின் பெரும்பகுதியும் அதற்கே போகிறது.

வரி கூடிவிட்டது என்று வருகிறவர்களிடம் நாம் முதலில் கேட்பது, கூடியது எது என்பதுதான். ஆண்டுப் பெறுமதி ஒன்று, வரி வீதம் இன்னொன்று. வீதத்தை மாநகர சபை தீர்மானிக்கிறது; தனி வீட்டுக்காரர் அதனோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. ஆண்டுப் பெறுமதியையும், வீடா வியாபார இடமா என்ற வகைப்படுத்தலையும்தான் ஆட்சேபிக்கலாம். ஆண்டுப் பெறுமதி காணியின் விலையல்ல. அந்த வீட்டுக்கு ஒரு வருடத்தில் நியாயமாகக் கிடைக்கக்கூடிய வாடகை அது. ஆகவே, "பென்சன் காசில் கட்ட முடியவில்லை" என்று எழுதும் கடிதம் உண்மையாக இருந்தாலும் மதிப்பீட்டாளரிடம் எடுபடாது. அதே ஒழுங்கையில் அதே அளவு வீட்டின் வாடகை ஒப்பந்தப் பிரதி எடுபடும்.

கணக்கு விளங்க ஓர் உதாரணம். ஆண்டுப் பெறுமதி 60,000 ரூபா, வீதம் நூற்றுக்கு 20 என்று வையுங்கள். வருட வரி 12,000, காலாண்டுக்கு 3,000. மறுமதிப்பீட்டில் பெறுமதி 90,000 ஆனால் வரி 18,000, காலாண்டுக்கு 4,500. வீதம் அசையவே இல்லை.

பிழைகள் பெரும்பாலும் அளவிலும் பாவனையிலும்தான். முன்னறையில் நடந்த கடை மூடிப் பல வருடமாகியும் பதிவேட்டில் வியாபார இடமாகவே கிடக்கும். தொடர்மாடியில் பொதுப்படிக்கட்டையும் ஒரு வீட்டின் பரப்போடு சேர்த்திருப்பார்கள். தகரக் கூரைக் கொட்டிலைக் கட்டடமாக எண்ணியிருப்பார்கள். நாடாவைப் பிடித்து அறை அறையாக அளந்து, சதுர அடியை வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் அதுவே உங்கள் முதல் காரணம்.

மதிப்பீட்டு அறிவித்தல் கிடைத்து ஒரு மாதத்துக்குள் எழுத்தில் ஆட்சேபம் போய்ச் சேர வேண்டும். மாநகர சபைகள் கட்டளைச் சட்டம் (1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கம்) சொல்வது இது. சபையின் முடிவும் திருப்தியில்லை என்றால் 30 நாட்களுக்குள் நீதிமன்றம் போகலாம். ஆனால் ஆட்சேபத்தில் எழுதாத காரணத்தை அங்கே புதிதாக எடுத்து வைக்க விடமாட்டார்கள். எனவே முதல் கடிதத்திலேயே எல்லாக் காரணங்களையும் இலக்கமிட்டு எழுதுங்கள். தமிழில் எழுதலாம், அது உரிமை. இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் திகதி முத்திரை வாங்குங்கள். முடியாவிட்டால் பதிவுத் தபால். வரி இலக்கம் இல்லாத கடிதம் எந்தக் கோவைக்குள்ளும் போகாது.

கொழும்பு வெள்ளவத்தையில் இன்னொரு தொல்லை. வீட்டுக்காரர் கனடாவிலோ லண்டனிலோ இருப்பார், அறிவித்தல் பூட்டிய கேற்றில் செருகிக் கிடக்கும், மாதமும் ஓடிவிடும். அப்பா காலமாகி வருடங்கள் போயும் வரிச் சிட்டை அவர் பெயரிலேயே வருகிற வீடுகளும் உண்டு. காணி உறுதிப் பிரதி, நில அளவை வரைபடம், கடைசிப் பற்றுச்சீட்டு ஆகியவற்றோடு பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிப்பதை இனியும் தள்ளிப்போட வேண்டாம். வெளிநாட்டில் இருப்பவர்கள் கடிதம் வாங்கவும் பதில் எழுதவும் இங்கே ஒருவரை எழுத்தில் நியமித்துவிடுங்கள்.

ஆட்சேபம் கொடுத்துவிட்டோம் என்று கட்டுவதை நிறுத்தாதீர்கள். காலாண்டு தவறினால் நிலுவையை அறவிடும் கட்டளையான வாரண்டின் செலவும் தலையில் ஏறும். அதற்கும் அசையாவிட்டால் வீட்டுச் சாமானைக் கைப்பற்றச் சட்டம் இடம் தருகிறது. நிலுவை இருந்தால் வங்கிக் கடனுக்குக் கேட்கும் சான்றிதழ்களும் இழுபடும். கைக்கெட்டிய உதவி வரிக் கழிவுதான்: முழு வருட வரியையும் ஜனவரி 31க்குள் கட்டினால் நூற்றுக்கு 10, காலாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் நூற்றுக்கு 5. மேலே சொன்ன 18,000க்கு முதலாவது வழியில் 1,800 மிச்சம், இரண்டாவதில் 900. பெப்ரவரி முதலாம் திகதி போனால் அந்த 10 இல்லை. கடைசி நாள் மாநகர சபை இருக்கும் டவுன் ஹோலில் வரிசை வாசல் தாண்டும். ஜனவரி நடுவிலேயே முடித்துவிடுங்கள். இயந்திரம் தரும் பற்றுச்சீட்டு சில மாதங்களில் வெளுத்துப் போகும். அன்றைக்கே போட்டோப் பிரதி எடுங்கள்.

மாதிரி ஆட்சேபக் கடிதம் தமிழிலும் சிங்களத்திலும் செயலாளரிடம் உண்டு. வரும்போது கடைசிச் சிட்டையோடு அறிவித்தல் வந்த உறையையும் கொண்டு வாருங்கள். உறையை எறிந்துவிடாதீர்கள், தபால் முத்திரைத் திகதி அதில்தான் இருக்கிறது.

செயலாளர்