நாலாம் தேதிக்கு நான் ஏன் போகிறேன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மழைதான் விட்டபாடில்லை. தெற்கு வயலில் நின்ற தண்ணீரை வடிய விட்டாயிற்று, சம்பா தப்பித்துக்கொள்ளும்.

இந்த மூட்டுவலியோடு இரண்டு பஸ் மாறி கும்பகோணம் போய், பழைய கடற்படைக்காரர்கள் கூட்டத்தில் பழங்கதை பேசத்தான் வேண்டுமா என்று போனில் கோபப்பட்டாய். எனக்குச் சட்டென்று சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

டிசம்பர் 4 கடற்படை நாள். 1971 பாகிஸ்தான் யுத்தத்தில் அன்று ராத்திரி நம் ஏவுகணைப் படகுகள் கராச்சியைத் தாக்கின. அன்று காலையிலேயே இந்தப் பக்கம் வங்கக் கடலில், நான் இருந்த விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்திலிருந்து சீ ஹாக் போர் விமானங்கள் அப்போதைய கிழக்குப் பாகிஸ்தானில் இருந்த காக்ஸ் பஜாரைத் தாக்கப் போயின, அப்புறம் சிட்டகாங்குக்கு. அதே கப்பலில் நான் இருந்தும், ஒரு விமானம் கிளம்பியதைக்கூட நான் கண்ணால் பார்க்கவில்லை.

நான் ஸ்டோக்கர், கொதிகலன் அறையில் வேலை. நாலு கொதிகலனில் ஒன்றில் விரிசல். மற்றதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். கப்பல் வேகம் குறைந்தால் மேல்தளத்தில் எதிர்காற்று குறையும், காற்று குறைந்தால் விமானம் எழும்பாது. விமானத்தைக் கவண்கல் போல வீசுகிற கேட்டபுல்ட்டுக்கும் நீராவி எங்களிடமிருந்துதான் போக வேண்டும். ஒவ்வொன்றை வீசும்போதும் பிரஷர் முள் சட்டென்று இறங்கும், தலைக்கு மேலே தொம்மென்று ஓர் அதிர்வு வரும். உடனே எண்ணெயைக் கூட்டி முள்ளைப் பழைய இடத்துக்கு ஏற்றியாக வேண்டும். துணி சுற்றாமல் வால்வைத் தொட முடியாது. உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீர் குடிக்கக் குடிக்க வியர்வையாகப் போய்விடும். முள் இறங்கினால், ஒன்று போயிற்று என்று மனசுக்குள் எண்ணிக்கொள்வேன். நான் பார்த்த யுத்தம் அந்த முள்தான்.

வெகுகாலம் எனக்கு அவ்வளவுதான் தெரியும். அப்புறம் இந்தக் கும்பகோணம் கூட்டத்தில் பாபநாசம் பக்கத்துக்காரர் ஒருவரைச் சந்தித்தேன். அதே கப்பலில் மேல்தளத்தில் விமானச் சக்கரத்துக்குக் கட்டை எடுக்கிற வேலை அவருக்கு. ஆயிரம் பேருக்கு மேல் இருந்த கப்பல், அங்கே ஒருவரை ஒருவர் பார்த்ததே கிடையாது. தளத்தின் முனையைத் தாண்டியதும் விமானம் ஒரு நொடி கீழே அமுங்குமாம். கடலில் விழுந்துவிடுமோ என்று வயிற்றைக் கலக்குமாம், பிறகுதான் மேலேறுமாம். “கீழே இருக்கிறவன் நீராவியை விட்டுவிடக் கூடாதே என்று சாமியை வேண்டிக்கொண்டு நிற்பேன்” என்றார். கீழே இருந்தவன் நான்தான் அண்ணே என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் அழுதுவிட்டார். என் பாதி கதை அவரிடம் இருந்திருக்கிறது பாப்பா. சமையற்கட்டில் இருந்தவரிடம் இன்னும் கொஞ்சம் இருந்தது.

இன்னொன்றும் உண்டு. அம்மாவுக்குத் தெரியும், உனக்குச் சொன்னதில்லை. டிசம்பர் 9 ராத்திரி தியூவுக்கு அப்பால் பாகிஸ்தான் நீர்மூழ்கி நம் குக்ரி கப்பலை மூழ்கடித்தது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள் போனார்கள். கேப்டன் முல்லா கப்பலை விட்டு இறங்கவில்லை. என்னோடு பயிற்சி எடுத்தவன் ஒருவன் அதில் இருந்தான். அவனுக்கும் கீழ்த்தளத்தில்தான் வேலை. அங்கிருந்து மேலே வர எத்தனை ஏணி ஏற வேண்டும் என்பது எனக்குத் தெரியும். வேறு யாரிடம் சொன்னாலும் பாவம் என்பார்கள். கும்பகோணத்தில் அவன் பெயரைச் சொன்னால் போதும், எல்லோருக்கும் அந்த ஏணி தெரியும்.

எங்கள் பழைய கப்பலை 1997-இல் ஓய்வு கொடுத்து, 2014-இல் உடைத்தும் விட்டார்கள். 2022-இல் கொச்சியில் சேர்த்த புது விக்ராந்தில் கொதிகலனுக்குப் பதில் கேஸ் டர்பைன், கேட்டபுல்ட்டும் கிடையாது. நல்ல கப்பல், பார்க்கப் பெருமையாக இருக்கிறது. ஆனால் முள் இறங்குவதைப் பற்றிப் பேச எனக்கு இந்த நாலைந்து பேரை விட்டால் ஆளில்லை.

அதனால் போய்த்தான் வருவேன், கோபித்துக்கொள்ளாதே. முழங்காலுக்கு உறை போட்டுக்கொள்கிறேன். பக்கத்து வீட்டுத் தம்பி பஸ் ஏற்றிவிடுவதாகச் சொல்லியிருக்கிறான். லீவுக்குப் பேரனைக் கூட்டிக்கொண்டு வா, பாபநாசத்துக்காரரை வீட்டுக்குச் சாப்பிட அழைக்கிறேன். விமானம் அமுங்கியதை அவர் வாயாலேயே அவன் கேட்கட்டும். நாலாம் தேதி ராத்திரி எட்டு மணிக்கு மேல் போன் செய், வீட்டுக்கு வந்திருப்பேன். கொஞ்சம் சத்தமாகப் பேசு.

அன்புடன்,
அப்பா