சைலன்சர் சத்தத்தைத் தள்ளிப்போடலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் வாகனக் கேள்வி-பதில் பகுதியில், தன் காரில் சைலன்சர் சத்தம் கூடியிருப்பதாகவும் பின்சீட்டில் உட்காரும் பிள்ளைகள் புகை வாடை அடிக்கிறது என்று சொல்வதாகவும் ஒரு வாசகர் எழுதியிருந்தார். "பதற வேண்டாம், அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம்" என்று அவருக்குப் பதில் தரப்பட்டிருந்தது. சத்தம் எஞ்சின் பக்கமிருந்து வருகிறதா, பின்னாலிருந்து வருகிறதா என்றுகூடக் கேட்காத அந்தப் பதில் தங்கள் பார்வைக்கு வந்த பிறகும் எப்படி அச்சேறியது என்பது எனக்கு விளங்கவில்லை. வண்டிப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமோ மணமோ இல்லை என்பதையும், அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக, இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும் என்பதையும் நான் சொல்லித் தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

நாங்கள் பட்டதைச் சொல்கிறேன். சென்னையிலிருந்து சொந்த ஊருக்குக் காரில் போகும்போதெல்லாம், சுங்கச்சாவடி வரிசையில் வண்டி ஊர்ந்து நிற்கும் நேரத்தில் என் மனைவிக்குத் தலைவலியும் குமட்டலும் வரும். இறங்கிக் காற்றாட இருந்தால் மெல்லத் தணியும். ஒற்றைத் தலைவலி என்று மாத்திரை கொடுத்தார்கள். அதே சமயத்தில் டாஷ்போர்டில் எஞ்சின் விளக்கு எரிய, கம்பெனி சர்வீஸில், புகையில் மீந்திருக்கும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றிப் பணம் வாங்கிக்கொண்டார்கள். விளக்கு மறுபடியும் எரிந்தது.

கடைசியில் கண்டுபிடித்தவர் எங்கள் தெருமுனையில் ஷெட் வைத்திருக்கும் வயதான மெக்கானிக். வண்டியை இரவே விட்டுவிட்டுப் போகச் சொன்னார். விடிந்ததும் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வைத்து, ஈரச்சாக்கை மடித்துப் பின்குழாயின் வாயில் ஒரு கணம் அழுத்தினார். பானெட்டுக்குள்ளிருந்து 'புஸ்' என்று காற்று பீறிட்டது. எஞ்சினிலிருந்து புகையை வாங்கிக் குழாய்க்கு அனுப்பும் மேனிஃபோல்டின் இணைப்பை அடைக்கும் கேஸ்கெட் ஓரத்தில் விசிறி விரித்தாற்போல் கரி படிந்திருந்தது. காலையில் 'டிக் டிக்' என்று கேட்கும் சத்தம், எஞ்சின் சூடானதும் இரும்பு விரிந்து இடுக்கை அடைப்பதால் அடங்கிவிடுமாம். நண்பகலில், சூடான வண்டியை ஓட்டிப் பார்த்த சர்வீஸ்காரர்களுக்கு அது எப்படிக் கேட்கும்? சென்சாருக்கு முன்னாலேயே கசிவு இருந்ததால் வெளிக்காற்று உள்ளே கலந்து சென்சார் தவறாகக் கணக்கிட்டிருக்கிறது. கசிந்த புகையோ, முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்றுவழியாக எங்கள் மூச்சுக்கு வந்திருக்கிறது. கேஸ்கெட்டை மாற்றிய பிறகு விளக்கும் எரியவில்லை, தலைவலியும் வரவில்லை.

அத்தனை மாதமும் அந்த வண்டிக்குப் புகைச் சான்றிதழ் செல்லுபடியாகவே இருந்தது. பின்குழாயில் கம்பியை நுழைத்து அளக்கும் கருவி முன்னால் கசிவதை அறியாது. எங்கள் பகுதி மையம் ஒன்றில் கம்பியை நுழைக்காமலே, நம்பர் பிளேட்டை மட்டும் படமெடுத்துச் சான்றிதழ் தந்ததைப் பற்றி முன்பே தங்களுக்கு எழுதினேன், அது வெளியாகவில்லை. 1995 முதல் சென்னையில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கட்டாயமான, புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை 'அடைத்துவிட்டது' என்று கழற்றி, பிளாட்டினத்துக்காக விற்றுவிட்டு, வெறும் குழாயைப் பற்றவைத்துத் தருவதைப் பற்றியும் எழுதினேன், அதற்கும் இடமில்லை. ஆனால் தெருவையே அதிரவைக்கும் சைலன்சர்களுக்கு நான்கு வண்ணப் பக்கங்கள் ஒதுக்கினீர்கள். அது என்னை மிகவும் வருத்தியது.

வாசகர்களுக்குத் தேவை எளிய விவரங்கள். காலையில் பின்குழாயில் நீர் சொட்டுவதும் வெண்ணிற ஆவி வருவதும் கோளாறல்ல. எஞ்சின் சூடான பிறகும் அடர்ந்த வெண்புகை நிற்காமல் வந்து, ரேடியேட்டர் கூலண்டும் குறைந்தால் எஞ்சினின் மேல்பகுதி இணைப்பை அடைக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. பெட்ரோல் வண்டியில் கரும்புகை என்றால் எரிபொருள் மிகையாகப் போகிறது. அழுகிய முட்டை நாற்றம் பெரும்பாலும் கன்வெர்ட்டர் கோளாறைக் காட்டும். எஞ்சின் விளக்கு விட்டு விட்டு மின்னினால் வண்டியை ஓரங்கட்டிவிட வேண்டும். எஞ்சினில் எரியாமல் வெளியேறும் பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதைப் பொசுக்கிவிடும்.

இவை அனைத்தையும் வெளியிடுமாறு நான் கேட்கவில்லை. அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே எழுத்தளவில், "சத்தத்தோடு புகை வாடையோ தலைவலியோ இருந்தால் கண்ணாடிகளை இறக்கிவிட்டு வண்டியை நிறுத்துங்கள், கசிவைச் சரிசெய்யாமல் ஓட்டாதீர்கள்" என்று ஒரு திருத்தம் போட்டால் போதும். கேள்வி கேட்டவரின் முகவரி தங்களிடம் இருக்கும். இதழ் வெளிவரும்வரை காத்திராமல், அவருக்கு இன்றே தெரிவித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
திருவான்மியூர், சென்னை.